பெயர் எழுதப்படாத நோய்

பள்ளிக்கூடத்து வரவு இடாப்பிலிருந்து ஒரு மாணவனின் பெயரை நீக்குவது ஆசிரியனுக்குப் புதிய காரியம் அன்று. குடும்பம் வெளியூர் பெயர்ந்துவிடும். பிள்ளை வேறு பாடசாலைக்கு மாறிவிடும். வறுமை சிலரைக் கடைக்கும் கடலுக்கும் இழுத்துக்கொண்டு போய்விடும். பெயரின் மேல் சிவப்பு மைக்கோடு விழுந்ததும் அதன் பக்கத்தில் காரணத்தை ஒரு சொல்லில் எழுதிவைப்பது என் வழக்கம். கல்முனைப் பகுதியிலே முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியனாக இருந்த நான், ஒரே ஒரு பெயருக்கு நேரே மட்டும் எதையும் எழுத முடியாமல் பேனாவை மூடிவைத்தேன்.

அது 2009ஆம் ஆண்டின் மாரிகாலம். அவன் எட்டாம் தரத்தில் படித்தவன், ஒரு கைத்தறி நெசவாளியின் மகன், கணக்கில் கெட்டிக்காரன். ஒருநாள் தலையிடிக்கிறது என்று மேசையிலே சாய்ந்தான். மூன்றாம் நாள் காய்ச்சலும் சத்தியும் கண்டன. ஐந்தாம் நாள் வலிப்பு வந்தது. ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கும், அங்கிருந்து தூரத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கும் கொண்டு சென்றார்கள். முதுகிலே ஊசி குத்தி முள்ளந்தண்டு நீர் எடுத்துப் பார்த்தார்கள். அதில் எந்தக் கிருமியும் வளரவில்லை. பன்னிரண்டாம் நாள் ஜனாஸா ஊருக்கு வந்து சேர்ந்தது. கூட வந்த கடதாசியிலே, மூளையழற்சி, காரணம் அறியப்படவில்லை என்று எழுதியிருந்தது.

வைத்தியர்களைக் குறைசொல்வதற்காக இதனை எழுதவில்லை. தம் கையிலிருந்த கருவிகளைக்கொண்டு செய்யக்கூடியதை அவர்கள் செய்தார்கள். ஆனால் விஞ்ஞானம் வெறுமையாக விட்டுச் சென்ற இடத்தை ஊர் வெறுமையாக விட்டுவைக்கவில்லை. மஃரிப் நேரத்தில் வாய்க்காலில் குளித்தான், ஜின் தீண்டிவிட்டது என்றார் ஒருவர். ஓதிப் பார்ப்பதற்கு முன்னே ஊசி போட்டதுதான் பிழை என்றார் மற்றொருவர். தாய் கவனிக்காமல் விட்டாள் என்று பெண்கள் மெல்லப் பேசிக்கொண்டார்கள். இந்தக் கடைசிச் சொல்தான் நெடுங்காலம் நிலைத்தது. ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு சந்தையடியில் என்னைக் கண்ட அந்தத் தாய், சுகம் விசாரித்துவிட்டுத் தயங்கி நின்றாள்.

“சேர், எண்ட புள்ளைக்கி வந்த வருத்தத்துக்குப் பேரு என்ன எண்டு ஒங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது தங்கச்சி” என்றேன். அன்று தொடங்கிய தேடலின் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு நோயின் பெயரை அறிவதால் என்ன பயன்? இறந்த பிள்ளை எழுந்து வரப்போவதில்லையே என்று கேட்பார் உண்டு. அவர்களுக்கு நம் நாட்டுச் சரித்திரமே விடை சொல்லும். மூளையைத் தாக்கும் ஒட்டுண்ணி இலங்கைக்குப் புதியதன்று. மலேரியாவின் கொடிய வகை மூளையின் நுண்குழாய்களை அடைத்து எண்ணற்ற குழந்தைகளைக் கொன்றிருக்கிறது. 1934-35ஆம் ஆண்டுக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டார்கள். அப்போது சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் மருந்தையும் உணவையும் தோளிலே சுமந்து கேகாலைப் பகுதிக் கிராமங்களுக்குள் நுழைந்தார்கள். டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் என். எம். பெரேராவும் அவர்களோடு இருந்தார்கள். பட்டினியும் காய்ச்சலும் உடன்பிறப்புகள் என்ற பாடத்தை அந்தக் குடிசைகளில் கற்றவர்கள்தாம் 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தோற்றுவித்தார்கள்.

பிறகு வந்த மலேரியா எதிர்ப்பு இயக்கத்தின் ஆயுதங்களில் முக்கியமான ஒன்று எது? விரல் நுனியில் எடுத்த ஒரு துளி இரத்தம், ஒரு கண்ணாடித் துண்டு, ஒரு நுணுக்குக்காட்டி. காய்ச்சல் கண்டவரின் காய்ச்சலுக்குப் பெயர் கேட்டார்கள். 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளிகளே எஞ்சினர். வெற்றி வந்துவிட்டதென்று கண்ணயர்ந்தோம். 1969க்குள் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. மீண்டும் விழித்துக்கொண்டு, யுத்தத்தின் நடுவிலும் அந்தக் கண்ணாடித் துண்டைக் கைவிடாமல் உழைத்ததன் பயனாக, 2012 ஒக்டோபருக்குப் பின் உள்நாட்டில் தொற்றிய மலேரியா நோயாளர் இல்லையென்ற நிலை வந்தது. 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று அறிவித்தது. பெயர் அறியப்பட்ட நோயை ஓர் ஏழை நாடும் விரட்ட முடியும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

ஆனால் மூளைக்குள் புகுந்த நோயின் பெயரைக் கேட்பது விரல் நுனியில் குத்துவதுபோல் எளிதன்று. வைரசு, பற்றீரியா, பூஞ்சணம், அமீபா, புழு என எதுவாயினும் பிள்ளைக்கு வருவது அதே தலையிடி, அதே சத்தி, அதே வலிப்பு. வெளியிலே நின்று பார்ப்பவனுக்கு வேற்றுமை தெரியாது. இதனால் பெயர் இல்லாமற்போவது மட்டுமன்றிப் பிழையான பெயர் சூட்டப்படுவதும் உண்டு. இந்தியாவில் வலிப்போடு வந்த பலருடைய மூளைப் படத்திலே ஒரு சிறு வளையம் தெரியும். அது காசநோய்க் கட்டி என்று கொண்டு மாதக்கணக்காகக் காசநோய் மருந்து கொடுத்துவந்தார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர்களான சாண்டியும் ராஜசேகரும் அந்தக் கட்டிகளை எடுத்து ஆராய்ந்தார்கள். அவற்றிலே இருந்தது நாடாப்புழுவின் இளம்பருவக் கூடு. 1989இல் அவர்கள் அதை வெளியிட்டபோது, ஒரு பெரிய நாட்டின் பிழையான பெயரொன்று திருத்தப்பட்டது.

நாடாப்புழு என்றதும் எம்மூரார் முகத்தைத் திருப்பிக்கொள்வதை நான் அறிவேன். “நாம் பன்றி தொடாதவர்கள்; நமக்கு எப்படி வரும்?” என்று ஆசிரிய நண்பர் ஒருவரே கேட்டார். அதே கேள்வியை நியூயோர்க் நகரத்து வைதிக யூதர்களும் கேட்டார்கள். அவர்களும் பன்றி உண்ணாதவர்களே. எனினும் அச்சமூகத்தவர் நால்வரின் மூளையில் அந்தப் புழுவின் கூடு இருந்தமை 1992இல் வெளியான ஆய்விலே பதிவாயிற்று. பன்றியிறைச்சி தருவது குடலிலே வாழும் நாடாப்புழுவை. மூளைக்குச் செல்வதோ அந்தப் புழுவைக் குடலில் உடைய மனிதனின் மலத்தோடு வெளியேறும் முட்டை. கழுவாத கையிலும் நீரிலும் கீரையிலும் அது பயணம் செய்யும். அந்த வீடுகளில் சமைத்துப் பிள்ளை பார்த்தவர்கள், அந்தப் புழு பரவிய இலத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்த பணிப்பெண்கள்.

இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். பணிப்பெண்ணைப் பழிப்பது எளிது. ஆனால் குவைத்துக்கும் சவூதிக்கும் நம் கரையோரத்துப் பெண்களையே பணிப்பெண்களாக அனுப்பிக்கொண்டிருக்கும் நாம் அந்தப் பழியில் பங்குகொள்ளலாமா? நாடாப்புழுவை ஒரே வேளை மாத்திரையால் வெளியேற்றிவிடலாம். அந்த மாத்திரையை அவளுக்குக் கொடாத உலகம் குற்றவாளியா, அவள் குற்றவாளியா? பெயர் சரியாகத் தெரியும்போது பழி விழ வேண்டிய இடமும் சரியாகத் தெரிந்துவிடுகிறது.

இனி, நம் காலத்தின் புதிய கருவிக்கு வருவோம். மரபணு வரிசையை வாசிக்கும் முறை அது. மாணவர்களுக்கு நான் இப்படிச் சொல்வதுண்டு. பாடசாலை வாசிகசாலையின் புத்தகங்களை எல்லாம் யாரோ கிழித்து, துண்டொன்றில் நூறு அல்லது நூற்றைம்பது எழுத்து மட்டும் இருக்கும்படி செய்து, ஒரு சாக்கிலே கொட்டிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குப்பைக்குள் வெளியார் ஒருவர் எழுதிய களவுக் கடிதமும் கிழிந்து கிடக்கிறது. ஒவ்வொரு துண்டையும் வாசித்து, நம் புத்தகங்களுக்கு உரியவற்றை ஒதுக்கிவிட்டால், எஞ்சிய சில துண்டுகள் கள்வனின் கையெழுத்தைக் காட்டும். முள்ளந்தண்டு நீரிலும் இதுவே நடக்கிறது. அதிலுள்ள டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. முழுவதையும் பிரித்தெடுத்து, இலட்சக்கணக்கான துண்டுகளை யந்திரம் வாசிக்கிறது. மிகப் பெரும்பாலானவை நோயாளியுடையவை. அவற்றை நீக்கிய பின் எஞ்சுவனவற்றை, இதுவரை அறியப்பட்ட உயிர்களின் எழுத்துக்கள் அடங்கிய பெருந்தொகுப்போடு கணினி ஒப்பிடுகிறது.

பழைய பரிசோதனை ஒவ்வொன்றும் ஒரு சந்தேக நபரை மட்டும் அழைத்து, நீயா என்று கேட்பது. இந்த முறையோ, இங்கே வந்திருப்பவர் யார் என்று பொதுவாகக் கேட்கிறது. வைத்தியரின் மனத்தில் தோன்றாத கிருமியையும் காணக்கூடிய ஆற்றல் இதனால் அதற்கு உண்டு. கலிபோர்னியாவில் நெடுநாள் மூளையுறை அழற்சியால் வருந்திய ஏழு பேரின் நீரை இவ்வாறு வாசித்து 2018இல் வெளியிட்டார்கள். அவர்களில் இருவரது நீரில் தென்பட்டது, வேலூர் நிபுணர்கள் கத்தியால் எடுத்துக் காட்டிய அதே பன்றி நாடாப்புழு.

எனினும் இந்தக் கருவியைத் தெய்வமாக்கிவிட வேண்டாம். 2015இல் வெளியான ஒரு பெண்பிள்ளையின் கதை அதன் எல்லையைக் காட்டுகிறது. அவளுக்கு வயது 15. அமெரிக்காவிலே, சிறந்த வசதிகளின் நடுவில், மூளையழற்சியோடு படுத்திருந்தாள். ஆறாம் நாள் எடுத்த முள்ளந்தண்டு நீரிலும் மூளைத் துணுக்கிலும் யந்திரம் ஓர் அமீபாவைக் கண்டது. அதன் பெயர் பலமூத்தியா. சிறுமி பிழைக்கவில்லை. பின்னர் ஆய்வாளர் முதல் நாள் எடுத்துவைத்த நீரை மீண்டும் ஆராய்ந்தபோது ஒரு கசப்பான உண்மை வெளிப்பட்டது. கள்வனின் துண்டுகள் முதல் நாளே அந்த நீரில் இருந்தன. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கும் தொகுப்பிலே அந்த அமீபாவின் முழுப் புத்தகம் இல்லை. சில பக்கங்களே இருந்தன. வாசித்தும் இன்னார் என்று சொல்ல முடியாமல் யந்திரம் ஊமையாக நின்றது. அதன் பிறகே அந்த அமீபாவின் 4 கோடி 42 இலட்சம் எழுத்துக்களையும் வாசித்துத் தொகுப்பில் சேர்த்தார்கள்.

ஆசிரியர்களே, மாணவர்களே, இந்தக் கதையை நாம் ஆழ்ந்து எண்ண வேண்டும். எவருடைய நோய்கள் அந்த வாசிகசாலையில் இருக்கின்றன? பணமும் ஆய்வுகூடமும் எங்கே உண்டோ, அங்குள்ள கிருமிகளே முதலில் எழுதப்படுகின்றன. எலியின் நுரையீரலில் வாழ்ந்து, நத்தையின் வழியாக மனிதனின் மூளைக்கு வரும் புழு ஒன்று உண்டு. மனிதனில் அது கண்டறியப்பட்டதாக முதன்முதலில் 1945இல் பதிவானது தாய்வானிலுள்ள ஒரு சிறுவனில்தான். இலங்கையிலும் அந்நோய் காணப்பட்டிருக்கிறது. மழை விட்டதும் வேலியோரத்தில் ஊரும் ஆபிரிக்க நத்தையை நம் பிள்ளைகள் கையால் எடுத்து விளையாடுகிறார்கள். நம் நத்தைகளில் என்ன இருக்கிறது, நம் குளத்து நீரில் என்ன நீந்துகிறது, மணல் நிலத்திலே மலக்குழிக்கு அருகில் தோண்டிய நம் கிணறுகளில் என்ன கலந்திருக்கிறது என்பதை நாம் எழுதாவிட்டால், வேறு எவரும் நமக்காக எழுதப்போவதில்லை.

எழுத முடியும் என்று காட்டிய நாடு நமக்கு அயலிலேயே உண்டு. வங்காளதேசத்து ஆய்வாளர் செஞ்சுதி சாஹா, டாக்காவிலே மூளையுறை அழற்சியால் வந்து காரணம் அறியப்படாதிருந்த பிள்ளைகளின் நீரை இம்முறையால் ஆராய்ந்தார். அத்தகைய 25 பேரில் 10 பேருக்குக் காரணமாக இருக்கக்கூடிய கிருமி தென்பட்டது. மூவரிடம் காணப்பட்டது ஒட்டுண்ணியன்று. மூட்டுவலிக் காய்ச்சலாக மட்டும் அங்கே அறியப்பட்டிருந்த சிக்குன்குன்யா வைரசு. உடனே அவர்கள் 2017இல் அதே ஆஸ்பத்திரிக்குக் காரணமறியா நோயோடு வந்த 472 பிள்ளைகளின் சேமித்த நீரை எளிய முறையொன்றால் சோதித்தார்கள். மேலும் 17 பேரிடம் அந்த வைரசு இருந்தது. ஒரு நகரத்தில் ஒரு கொள்ளைநோய் நடந்து முடிந்திருந்தது. நடந்தபோது ஒருவருக்கும் தெரியவில்லை. 2019இல் இது வெளியாயிற்று.

இந்த வெற்றியில் யந்திரத்தின் பங்கு எவ்வளவோ, அவ்வளவு பங்கு ஒரு குளிரூட்டிக்கும் உண்டு. பிள்ளைகளின் நீரை எவரும் கழுவி ஊற்றிவிடவில்லை. சிறு குப்பிகளில் உறைய வைத்திருந்தார்கள். அன்று விடை தெரியாவிட்டாலும் கேள்வியை அழியவிடாமல் காத்தார்கள். என் மாணவனின் முதுகிலிருந்து எடுத்த அந்தச் சில துளிகளை நினைத்துப் பார்க்கிறேன். அவை இன்று எங்கே?

பெயர் ஊரறிந்த செய்தியானால் என்ன நிகழும் என்பதற்குக் கேரளம் உதாரணம். வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் நெக்லேரியா என்னும் அமீபா மூக்கின் வழியே மூளைக்கு ஏறும். அதற்குத் தப்பியவர் உலகிலேயே மிகச் சிலர். 2024 மே தொடக்கம் ஜூலை வரை வடகேரளத்தில் மூன்று பிள்ளைகள் அதனால் மாண்டார்கள். பத்திரிகைகள் எழுதின, சுகாதாரத் துறை எச்சரித்தது. அந்த ஜூலையிலேயே கோழிக்கோடு மாவட்டத்தில் குளத்தில் குளித்த 14 வயதுச் சிறுவனுக்குத் தலையிடியும் வலிப்பும் வந்தபோது, அச்செய்திகளால் நோயை அறிந்திருந்த தந்தை குளத்தில் குளித்ததை வைத்தியரிடம் சொன்னார். உடனே சோதித்து உரிய மருந்தைத் தொடங்கினார்கள். பையன் உயிரோடு வீடு திரும்பினான். அடுத்த ஆண்டு, 2025இல், அமீபா நோய்கள் நூற்றுக்கு மேற்பட்டோரைத் தாக்கியபோது, தேடுவோர் கண்ணுக்கு அவை முன்னிலும் விரைவாகத் தென்பட்டன.

கராச்சியில் 2008-2009இல் இதே அமீபாவால் நோயுற்ற பதின்மூவரில் பெரும்பாலோர் எங்கும் நீந்தியவர்கள் அல்லர். வுளூ செய்யும்போது மூக்கினுள் செலுத்திய வீட்டு நீரே ஐயத்துக்குள்ளாயிற்று. குற்றம் வுளூவின்மேல் இல்லை. குளோரின் போதாத குழாய் நீரை மக்களுக்கு விட்ட நிர்வாகத்தின்மேல் இருக்கிறது.

“மலசலகூடத்துக்கும் சுத்த நீருக்குமே வழியில்லை, மரபணு யந்திரம் யாருக்கு?” என்று நம் தோழர்களே கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஆயினும் ஒன்றைச் சிந்தியுங்கள். நோய் நாடாப்புழுவென்றால் நாம் கேட்க வேண்டியது மாத்திரையும் மலசலகூடமும். அமீபாவென்றால் குளோரின் இட்ட நீர். எலிப்புழுவென்றால் கழுவிய கீரையும் நத்தையைப் பற்றிய பாடமும். ஒவ்வொரு பெயரும் ஒவ்வொரு கோரிக்கை. ஒவ்வொரு கோரிக்கைக்கும் பொறுப்புச் சொல்ல வேண்டிய ஓர் அலுவலகம் உண்டு. பெயரில்லா நோய்க்கு மகஜர் எழுத முடியாது. காரணம் அறியப்படவில்லை என்ற வாக்கியத்தின் கீழே ஏழையின் துயரம் மட்டுமன்றி அதிகாரத்தின் அலட்சியமும் ஒளிந்துகொள்கிறது.

ஆகவே, எல்லா ஆஸ்பத்திரியிலும் அந்த யந்திரம் வேண்டுமென்று நான் கேட்கவில்லை. 2021இல் கொவிட் வைரசின் திரிபுகளை ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்நாட்டிலேயே வரிசைப்படுத்திக் காட்டினார்கள். திறமை நம்மிடம் உண்டு. நமக்கு வேண்டியன மூன்று. காரணமறியா மூளையழற்சியோடு வரும் பிள்ளையின் நீரில் ஒரு பங்கையாவது கரையோர ஆஸ்பத்திரிகள் உறைய வைத்துக் காக்கட்டும். அதை 300 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள தலைநகருக்குக் கெடாமல் கொண்டுசெல்லவும், விடையைத் தாய்தந்தையரின் மொழியிலே திருப்பிச் சொல்லவும் அரசு வழி செய்யட்டும். சம்மாந்துறையிலே பிரயோக விஞ்ஞான பீடத்தில் படிக்கும் நம் பிள்ளைகள் நம் மண்ணின் புழுக்களையும் நீரின் அமீபாக்களையும் அந்த உலக வாசிகசாலையில் எழுதும் பணியைத் தமதாக்கிக் கொள்ளட்டும். யந்திரத்துக்கும் பிழை நேரும்; கூட்டுக்குள் அடைபட்ட புழு நீரில் ஓரெழுத்தும் விடாதிருக்கலாம். ஆனாலும், தேடிக் காணாமற்போவதும் தேடாமலே விடுவதும் ஒன்றாகுமா?

அன்று சந்தையடியில், தெரியாது தங்கச்சி என்று சொல்லி நான் நகர முற்பட்டபோது, அந்தத் தாய் விடவில்லை. முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு மறுபடியும் கேட்டாள்.

“அப்ப, இனி வாற புள்ளைகளுக்காவது கண்டுபுடிப்பாங்களா சேர்?”

அன்று நான் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டேன். இன்று எனக்கு விடை தெரியும். கண்டுபிடிக்கலாம், கண்டுபிடிக்கச் சொல்லி நாம் கேட்க வேண்டும். அந்தப் பழைய இடாப்பில் அவன் பெயருக்கு நேரே உள்ள இடம் இன்னும் வெறுமையாகவே கிடக்கிறது.